டின்னுக்குள் கிறிஸ்மஸ்

மாம்பழக் கூழ் ஃபாக்டரி வேலை என்றால், சீசனில் ஈ ஓட்ட நேரமிருக்காது. டிசம்பரில் ஓட்டுவதற்கு ஒரு ஈகூட இருக்காது.

சித்தூருக்கு வெளியே அப்படி ஒரு ஃபாக்டரியில் நான் லேப் கெமிஸ்டாக இருந்தேன். அரசாங்கம் ஏற்றுமதிக்குக் கதவைத் திறந்துவிட்ட புதிது அது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கூழ் ஃபாக்டரியின் புகைபோக்கி தெரியும். எங்கள் சரக்கு குவைத்துக்கும் துபாய்க்கும் போனது. சரக்கு போன வழியிலேயே எங்கள் பக்கத்து ஆட்களும் போனார்கள். சீசன் முடிந்தால் கூலிக்கு வந்தவர்கள் கலைந்துவிடுவார்கள். மாதச் சம்பளக்காரர்களான நாங்கள் கொஞ்சம் பேர் மட்டும், துடைத்த மெஷினையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

எங்களோடு மாதச் சம்பளம் இல்லாத ஒரே ஒருத்தி உண்டு. கலைவாணி. குடிபாலா பக்கம் ஊர். டின்களுக்கு லேபிள் ஒட்டும் பிரிவில் இருந்தாள். கை சுத்தம் என்று மேனேஜர் அவளை மட்டும் சீசன் முடிந்தும் நிறுத்திவைத்திருந்தார். அவள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். அவள் அப்பா இப்போதுதான் கொஞ்சம் நிலம் வாங்கி வேர்க்கடலை போட ஆரம்பித்திருந்தார். கலைவாணி ‘பர்மனென்ட்’ ஆகிவிட்டால் அந்தக் குடும்பத்தில் முதல் மாதச் சம்பளம் அவளுடையதாக இருக்கும். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசமாட்டாள், ஆனால் மேனேஜர் அறையைத் தாண்டும்போது மட்டும் நடை கொஞ்சம் மெதுவாகும்.

கூட வேலை செய்கிறவருக்குச் சின்னதாக ஒரு பரிசு வாங்கியே தீரவேண்டும் என்று மாட்டிக்கொண்ட எல்லோரும் என் இனம். உங்கள் வீட்டுப் பரணிலும் பிரிக்காத சோப்பு டப்பா நாலு கிடக்கும். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

சோப்பு டப்பா வருஷம்

கிறிஸ்மஸ் பரிசை ஆரம்பித்துவைத்தவர் அருள்தாஸ் அண்ணன். டின்களுக்கு மூடி இறுக்கும் மெஷினுக்கு அவர்தான் மெக்கானிக். எங்களில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் அவரும் இன்னும் ஓரிருவரும்தான். ஆனாலும் கேக் தின்ன மட்டும் எல்லோரும் வருகிறீர்களே, பரிசுக்கும் வாருங்கள் என்றார். டின் மூடிகளில் ஆளுக்கு ஒரு பெயரைச் சாக்பீஸால் எழுதி, மேஜைமேல் கவிழ்த்துவைத்தார். ஆளுக்கு ஒரு மூடியை எடுத்தோம். யார் பெயர் வந்ததோ அவருக்கு யாரும் அறியாமல் ஒரு பரிசு வாங்க வேண்டும். பெரிய சம்பளக்காரன் சின்ன சம்பளக்காரனைச் சங்கடப்படுத்திவிடக் கூடாது, அதனால் ஒரு சினிமா டிக்கெட் விலைக்குமேல் போகக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

சோப்பு டப்பாவை எந்தக் கலர் பேப்பரில் சுற்றினாலும் அது சோப்பு டப்பாவாகத்தான் தெரியும். முதல் வருஷம் பாதிப் பேருக்கு அதுதான் வந்தது. அக்கவுண்டன்ட் நாயுடு பிறத்தியார் பொட்டலத்தையெல்லாம் தடவிப்பார்த்தே, எந்தக் கடையில் வாங்கியது என்று அறிவித்துக்கொண்டிருந்தார். தன் பொட்டலம் வந்ததும் பிரிக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டார். ஏன் சார் என்று கேட்டதற்கு, “பச்சை கலரு, மார்க்கெட் சந்து முனைக் கடை. அங்க பச்சை மட்டுந்தான் மிச்சம் கெடந்துச்சு, நேத்து நானே பாத்தேன்” என்றார்.

ஃபெயில் இல்லாத நாள்

மறு வருஷம் அருள்தாஸ் அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. மூடி மெஷின் துருப்பிடிக்காமலிருக்க டிசம்பரில் எண்ணெய் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். வெறும் டின்னை மூடுவதற்குப் பதில் நம் பரிசுகளை உள்ளே போட்டு மூடினால் என்ன? சீசனில் மிஞ்சிய பெரிய டின்களும், போன சீசன் தேதி அடித்த மூடிகளும் ஸ்டோரில் சும்மாதானே கிடக்கின்றன? மேனேஜரிடம் கேட்டோம். டிரையல் என்று எழுதிக்கொள்ளுங்கள், என் காதில் போடாதீர்கள் என்றார்.

ஒவ்வொருவராகப் போய், டின்னை அண்ணன் கையில் கொடுத்தோம். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மெஷினை அழுத்துவார். மூடி இறுகிய டின் ஏற்றுமதிச் சரக்கு மாதிரியே பளபளவென்று வெளியே வரும். உள்ளே சோப்பு டப்பாவா, சொர்க்கமா என்று நாயுடுவாலும் சொல்ல முடியாது. இருபத்துநாலாம் தேதி எல்லோரும் டின்னும் கையுமாக உட்கார்ந்த பிறகுதான், திறப்பது எப்படி என்ற கேள்வி வந்தது. லட்சக்கணக்கில் டின் மூடிய அந்த ஃபாக்டரியில் டின் திறக்கிற கருவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் லேபில்.

சீசன் முழுக்க நான் டின்னைத் திறந்தால் எல்லோரும் என் பேனாவையே பார்ப்பார்கள். புளிப்பு சரியில்லை, நிறம் சரியில்லை என்று நான் எழுதினால் ஒரு ஷிஃப்டே திட்டு வாங்கும். அன்றைக்கு அதே ஆட்கள் வரிசையில் நின்று, ஒவ்வொரு டின்னாக நான் திறக்கத் திறக்கக் கைதட்டினார்கள். கடைசி டின்னைத் திறந்ததும் அருள்தாஸ் அண்ணன் சொன்னது: “சார், உங்க கையால ஒரு டின்னுகூட ஃபெயில் ஆவாத நாள இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

முனுசாமிக்கு வந்த பரிசு

கூழ் ஃபாக்டரிக்காரனுக்கு உலகத்தில் பிடிக்காத வாசனை ஒன்று உண்டு என்றால் அது மாம்பழ வாசனைதான். இது ஸ்டோர்கீப்பர் ரஷீத் பாய்க்கும் தெரியும். அவர் பாய்லர்க்காரர் முனுசாமிக்கு ஆசையாக ஒரு டார்ச் லைட் வாங்கி, டின்னில் மூடி, யார் கண்ணிலும் படாமலிருக்கக் கூழ் டின்களுக்கு நடுவில் ஒளித்துவைத்தார். எடுக்கும்போது பக்கத்து டின்னை எடுத்துவிட்டார்.

முனுசாமி தூக்கிப் பார்த்தார். கனமோ கனம். பெண்சாதிக்கு இரும்புச் சட்டி வந்திருக்கும்போல என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். நான் மூடியைத் திறந்தேன். மஞ்சளாகக் கூழ் எட்டிப் பார்த்தது. முனுசாமி டின்னைப் பார்த்தார், ரஷீத் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பாய், சீசன் பூரா இதுலியேதான் குளிச்சிக்கினு கெடந்தேன். கிறிஸ்மஸுக்குமா?”

அதிலிருந்து இரண்டு புதுச் சட்டங்கள் வந்தன. ஒளித்துவைக்கிறவர்கள் டின்மேல் சாக்பீஸால் பெயர் எழுத வேண்டும். இன்னொன்று வேடிக்கைக்கு: முனுசாமி ஏமாந்த மாதிரி எல்லோரும் ஏமாற வேண்டும், அதனால் எல்லா டின்னும் கூழ் டின்னின் எடையே இருக்க வேண்டும். கைக்குட்டை வைக்கிறவனும் கூடவே செங்கல் வைத்தான்.

மாவு

கேன்டீன் கோவிந்தனிடம் கிறிஸ்மஸ் கேக்கைப் பற்றி விளக்கியது நான்தான். மாவு நன்றாகப் பொங்கினால்தான் கேக் என்று சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஏதோ கேள்விஞானத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

இருபத்துமூன்றாம் தேதி பரிசு டின்களில் ஒன்றின் மூடி உப்பியிருந்தது. உப்பிய டின் என்றால் எங்கள் தொழிலில் பாம்பு மாதிரி, தொடாதே, தள்ளி நில் என்று புது ஆட்களுக்கு நானே வகுப்பு எடுப்பேன். எல்லோரும் வெளியே ஓடினோம். நான் மட்டும் படித்தவன் என்பதால் எல்லோருக்கும் முன்னால் ஓடினேன். உள்ளே டமார் என்று ஒரு சத்தம். மெதுவாக எட்டிப் பார்த்தால், சுவரெல்லாம் வெள்ளை வெளேர் என்று இட்லி மாவு. கோவிந்தன் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “நல்லா பொங்கணும்னு நீங்கதான சார் சொன்னீங்க?”

திருப்பதி தொப்பி

நாயுடு தினமும் திருப்பதியிலிருந்து பஸ்ஸில் வருவார். திருப்பதி ஆள் என்று தெரிந்த நிமிஷமே ஜனங்கள் லட்டு கேட்பார்கள். பேங்கில் கேட்பார்கள், வரி ஆபீஸில் கேட்பார்கள். லாரி டிரைவர் பில்லை நீட்டிக்கொண்டே கேட்பார். எங்கள் ஊரில் வேறு கடைகளும் இருக்கின்றன என்பதை ஒருநாள் நிரூபிக்கிறேன் என்று அவர் சபதமே செய்திருந்தார். அவருக்கு அருள்தாஸ் அண்ணன் பெயர் வந்தது.

அண்ணனுக்கு நெற்றி உச்சந்தலைவரை தாராளம். திருப்பதியில் மொட்டை போட்டவர்களுக்கு விற்கிற வெள்ளைத் துணித் தொப்பி ஒன்றை நாயுடு வாங்கி வந்துவிட்டார். நல்ல மனதோடு, வெயிலுக்கு ஆகும் என்றுதான் வாங்கினார். அண்ணனும் நல்ல மனதோடு அதைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்ற பாஸ்டர் தொப்பியையும், அதற்குக் கீழே முடியில்லாததையும் பார்த்து, எந்த மலைக்குப் போய் வந்தாய் என்று கேட்டாராம். நாயுடுவுக்கு முகம் விழுந்துவிட்டது. மன்னிப்பு கேட்க வாயெடுத்தார். அண்ணன் விடவில்லை. “ஃபாக்டரியில குடுத்த தொப்பின்னு சொன்னேன் நாயுடு. பாஸ்டருக்கும் தலை நம்ம தலைதான். அவருக்கும் ஒண்ணு வோணுமாம்.”

எனக்கு வராத டின்

கலைவாணி சேர்ந்த இரண்டாவது டிசம்பரில் அவளுக்கு என் பெயர் வந்தது. எனக்கு அது தெரியாது. மேனேஜர் ஜனவரியில் அவளுக்கு பர்மனென்ட் ஆர்டர் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். டைப் அடித்த காகிதம் கையெழுத்துக்காக அவர் மேஜைமேல் காத்திருந்தது. நடை மெதுவாவது போய், அவள் அந்த அறையை இப்போது ஓடித் தாண்டினாள்.

அவள் தன் டின்னை ஒளித்துவைத்தது தன் பிரிவிலேயே, லேபிள் ஒட்டாத கூழ் டின்களுக்கு நடுவில். பொங்கலுக்குமுன் அங்கே யாரும் கைவைக்க மாட்டார்கள். மேலே ‘லேப் சார்’ என்று சாக்பீஸால் எழுதியிருந்தாள். ஆனால் ரம்ஜான் நோன்பு மாதத்துக்கு முன்னால் சரக்கு வேண்டும் என்று குவைத்திலிருந்து அவசரமாக ஒரு ஆர்டர் வந்தது. லேபிள் கட்டுகள் வாங்கிவரக் கலைவாணியைப் பிரஸ்ஸுக்கு அனுப்பினார்கள். அவள் திரும்புவதற்குள் வெளியாட்களை வைத்து டின்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள். சாக்பீஸ் எழுத்தும் போய்விட்டது. வேலை முடிந்து அட்டைப்பெட்டி ஏறி, லாரி சென்னைத் துறைமுகத்துக்குப் போயே போய்விட்டது. தன் டின்னை வேறு யாரோ பத்திரமாக எடுத்துவைத்திருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இருபத்துநாலாம் தேதி எல்லோருக்கும் டின் வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. நான் திறப்பானைக் கையில் வைத்துக்கொண்டு அசடு வழிந்தேன். அப்போது ரஷீத் பாய் தலையைச் சொறிந்துகொண்டு, குவைத் ஆர்டருக்குக் கணக்குப் பார்த்து எடுத்தும் ஒரு கூழ் டின் மிஞ்சியது ஏனென்று புரியவில்லை என்றார். கலைவாணியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

எடை சரியாக இருந்ததால் தூக்கியவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. கப்பலும் கிளம்பிவிட்டது. எங்கள் வேடிக்கைச் சட்டம் எங்களையே கடித்துவிட்டது. குவைத்தில் ஒரு வியாபாரி டின்னைத் திறந்து உள்ளே வேறு சாமானைப் பார்த்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முழு கண்டெய்னரும் திரும்பும். யார் பெயரையும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று அருள்தாஸ் அண்ணன் கிசுகிசுத்தார். நாங்கள் பேசி முடிப்பதற்குள் கலைவாணி மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள்.

“நானே சொல்லிட்டேன் சார். குவைத்துலேர்ந்து கம்ப்ளைன்ட் வரலன்னா கையெழுத்து போடறாராம். வந்துச்சுன்னா அந்த மாசத்தோட நின்னுக்கணுமாம்.”

டெலிபோன்

அதற்குப் பிறகு ஃபாக்டரியில் டெலிபோன் அடித்தால் எல்லோரும் கலைவாணியைப் பார்த்தோம். அவள் லேபிளைப் பார்த்தாள். டின்னுக்குள் என்னதான் வைத்தாய் என்று ஒருநாள் கேட்டேன். சொல்லமாட்டேன் என்றாள். அது இன்னும் எனக்கு வரவேண்டிய பரிசுதானாம், வந்து சேரும்வரை சொல்லக் கூடாதாம். மேனேஜரும் கெட்ட மனுஷர் இல்லை. கண்டெய்னர் திரும்பினால் அவருக்கும் முதலாளி முன்னால் நிற்க முகமிருக்காது. நாயுடு மட்டும் திருப்பதியிலிருந்து ஒருநாள் யாரும் கேட்காமலே லட்டு கொண்டுவந்து, அவள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நோன்பு மாதம் பாதி போயிருக்கும். நான் ஒரு ரிப்போர்ட்டோடு மேனேஜர் அறையில் நின்றபோது போன் அடித்தது. அவர் எடுத்தார். “ஆ, செப்பண்டி, சொல்லுங்க... குவைத்தா?” என்றார். என் கையிலிருந்த காகிதம் நனைந்துவிட்டது. கொஞ்ச நேரம் கேட்டவர், ரிசீவரை என்னிடம் நீட்டி, “நீரே பேசுமய்யா. லேப் சாரைக் கேக்கறான்” என்றார்.

பேசியவர் சூளூர்பேட்டைக்காரர். குவைத்தில் ஒரு ஜூஸ் கடையில் வேலை. நோன்பு திறக்கிற நேரத்துக்கு ஜூஸ் போட ஒரு டின்னைத் திறந்திருக்கிறார். உள்ளே வறுத்த வேர்க்கடலை, சித்தூர் வெல்லம், மடித்த ஒரு கைக்குட்டை. கூடவே எங்கள் லேபிள் ஒன்று. அதன் பின்பக்கம் தமிழில், ‘லேப் சாருக்கு கிறிஸ்மஸ் வாழ்த்து. இது எங்க நைனா நெலத்துல வெளஞ்சது’ என்று எழுதியிருந்தது. முன்பக்கத்தில் எங்கள் போன் நம்பர் இருந்தது.

“மொதலாளி இன்னாடா அதுன்னாரு சார். எனக்கு ஊர்லேர்ந்து வந்த பார்சலுன்னு சொல்லிட்டு, வேற டின்னு ஒடச்சி ஜூஸ் போட்டுட்டேன். உங்களுக்கு வந்தத நான் துன்னுட்டேன், கோச்சிக்காத சார். ‘லேப்’ன்றத வெரலால மறச்சிக்கினு படிச்சிப் பாத்தேன். இங்க வந்ததுலேர்ந்து என்ன யாரும் சாருன்னதே இல்ல சார்.”

லைனிலேயே இருங்கள் என்றேன். ஓடிப்போய்க் கலைவாணியை அழைத்து வந்தேன். அவள் இரண்டு கையாலும் ரிசீவரை வாங்கினாள். இத்தனை நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த பெண், வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அண்ணா, கடல நமுத்துப் போவலியே?” என்றுதான் கேட்டாள். மொறுமொறு என்று இருந்ததாம். அதைக் கேட்டு வாசலில் நின்ற அருள்தாஸ் அண்ணன், மூடி இறுக்கினது யாரு என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கலைவாணி அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான்.

மேனேஜர் மூக்கைச் சிந்திக்கொண்டு பேனாவைத் தேடினார். டின்னில் விளையாட்டு இதோடு சரி, அடுத்த வருஷத்திலிருந்து கலர் பேப்பர்தான் என்று அதட்டினார். அப்புறம் மேஜை இழுப்பறையிலிருந்து கலைவாணியின் ஆர்டரை எடுத்து, என்னைப் பார்த்துச் சொன்னார்: “குவைத்துலேர்ந்து ரிப்போர்ட் வந்துடுச்சு இல்லியா, சரக்கு மொறுமொறுன்னு இருக்குதாம். கையெழுத்து எங்க போடணும்?”

ஆக, அந்த வருஷம் பரிசு கிடைக்காத ஒரே ஆள் நான்தான், அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை, அந்த வேர்க்கடலையைத் தவிர.